ஓடும் விமானிகளும் முழங்காற்படியிடும் விமானிகளும்

போரைப் பாடும் கலை பெரும்பாலும் வெற்றியையோ வீழ்ச்சியையோ பொருளாகக் கொள்ளும். வாளோங்கிய அரசன், சாயும் குதிரை, கைப்பற்றப்பட்ட கொடி, களத்தில் கிடக்கும் உடல் ஆகியவையே பல நூற்றாண்டுகளாகப் போர் ஓவியரின் திரைகளை நிறைத்துவந்தன. இரண்டாம் உலகப் போர் இவ்வழக்கிற்குப் புறம்பானதொரு காட்சியைக் கலைக்குத் தந்தது. பரந்த புல்தரை, சாய்வு நாற்காலிகள், பாதியில் விடப்பட்ட தேநீர்க் கோப்பை, உயிர்காப்பு உடுப்பைக் கட்டியும் கட்டாமலும் தங்கள் விமானங்களை நோக்கி விழுந்தடித்து ஓடும் இளைஞர் சிலர். பகைவர் எவரும் படத்தில் இல்லை. குருதி இல்லை. இன்னும் எதுவுமே நிகழவில்லை. ஆயினும் 1940ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போர் என்றவுடன் ஆங்கிலேயர் மனக்கண்ணில் முதலில் எழும் காட்சிகளுள் இதுவும் ஒன்று. விமானங்களை வரைவதில் தேர்ந்த ஓவியர் பலர் இதனைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கின்றனர். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் திறந்துவைக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலும் பால் டே என்னும் சிற்பி இக்காட்சியையே வெண்கலத்தில் வார்த்து நடுநாயகமாக அமைத்திருக்கிறார்.

இறையியல் ஏடொன்றில் இக்காட்சியைத் திறனாய்வு செய்வதற்குக் காரணம் உண்டு. தேம்ஸ் கரையில் வெண்கலத்தில் ஓடும் அதே விமானிகள், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில், வண்ணக் கண்ணாடியில் முழங்காற்படியிட்டிருக்கின்றனர். முன்னது ஒரு நாடு தன் வீரரை நினைவுகூர்ந்த விதம். பின்னது அந்நாட்டின் திருச்சபை அவர்களை நினைவுகூர்ந்த விதம். இவ்விரண்டில் உண்மைக்கு அருகில் நிற்பது எது? பக்தி மிக்க படைப்பே உண்மை மிக்க படைப்பாகவும் இருக்கும் என்று எண்ணிவிடுதல் நமக்கு எளிது. அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சியின் பின்னணி

ஆங்கில விமானப்படையினர் இவ்வோட்டத்தை 'ஸ்கிராம்பிள்' என்று அழைத்தனர். கையாலும் காலாலும் பற்றிக்கொண்டு தட்டுத்தடுமாறி விரைவதைக் குறிக்கும் எளிய சொல் அது. அணிவகுப்பின் ஒழுங்கோ மிடுக்கோ அச்சொல்லில் இல்லை. தாம் செய்ததற்கு வீரர்கள் தாமே இட்ட பெயர், பிறர் அவர்களுக்குச் சூட்டிய புகழ்மொழிகளைவிட அடக்கமானதாக இருந்தது என்பது கருதத்தக்கது.

1940 ஜூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தபின் ஜெர்மானிய விமானப்படை ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் நிலைகொண்டது. கால்வாயின் மிகக் குறுகிய பகுதியின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். குண்டுவீச்சு விமானங்கள் அதனைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். பகைவர் வருகையைக் கரையோர ரேடார் நிலையங்கள் கண்டறிந்தன. அவர்கள் கரையைக் கடந்தபின் கண்காணிப்புப் படையினர் தரையிலிருந்து நோக்கிக் கணக்கிட்டனர். ரேடார் நிலையங்களின் செய்திகள் தொலைபேசி வழியாகப் பென்ட்லி பிரையரியில் இருந்த தலைமையகத்தை அடைந்து, அங்கே சரிபார்க்கப்பட்டு, வட்டாரத் தலைமையகங்களுக்கும் அவற்றின் கீழிருந்த விமானத் தளங்களுக்கும் அனுப்பப்பட்டன. இறுதியாகப் புல்தரையோரக் குடில் ஒன்றில் தொலைபேசி ஒலித்தது. அதன்பின் மணியோசை அல்லது உரத்த ஒரு குரல்; உடனே ஓட்டம். வான்போரில் உயரத்தில் இருப்பவனுக்கே முதல் வாய்ப்பு. தரையில் இழந்த ஒவ்வொரு நிமிடமும் வானில் இழந்த உயரமாகும். ஆகவே அவ்வோட்டம் வீரத்தின் வெளிப்பாடாவதற்கு முன்பே கணக்கின் கட்டாயமாக இருந்தது.

அந்தக் கோடையில் நிகழ்ந்த மற்றொன்றையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். 1940 ஜூன் முதல் இங்கிலாந்தின் ஆலய மணிகள் அரசாணையால் நிறுத்தப்பட்டன. பகைவர் படை தரையிறங்கினால் அதனை அறிவிப்பதற்கென்றே அவை ஒதுக்கிவைக்கப்பட்டன. 1942 நவம்பரில் எல் அலமெயின் வெற்றிக்காக அவை ஒலித்தன. 1943இல்தான் தடை நீங்கியது. ஆராதனைக்கு அழைக்கும் மணி வாய்மூடியிருந்த அதே நாள்களில் விமானத் தளத்து மணி ஒலித்துக்கொண்டிருந்தது. இவ்வோவியங்களின் ஈர்ப்பை விளங்கிக்கொள்ள இச்செய்தி உதவும். ஒரு குரல் கேட்கிறது. கேட்டவர் கையிலிருந்ததை அப்படியே விட்டு எழுகின்றனர். வினா எழுப்பாமல் செல்கின்றனர். வலைகளை விட்டுப் பின்சென்ற கலிலேய மீனவரின் வரலாற்றை அறிந்தவர்க்கு இந்த அமைப்பு புதியதன்று. அழைப்பு, கீழ்ப்படிதல் என்னும் திருமறைச் சொற்களின் வடிவத்தை இவ்வோவியம் தன்னையறியாமலேயே கடன் வாங்கியிருக்கிறது. கடன் வாங்கிய வடிவத்தில் எந்தப் பொருள் நிரப்பப்படுகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

வெண்கலத்தில் ஓட்டம்

பால் டேயின் நினைவுச் சின்னம் ஏறத்தாழ 25 மீட்டர் நீளமுள்ளது. கருங்கல் அடித்தளத்தின்மேல் புடைப்புச் சிற்பங்கள் நீண்டு செல்கின்றன. அப்போரில் பறந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரின் பெயர்கள் நாடுவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் போலந்து நாட்டினர் மட்டும் 145 பேர். மிகச் சிலருக்கு மிகப் பலர் பட்ட கடனைக் குறித்துச் சர்ச்சில் 1940 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் கூறிய புகழ்பெற்ற கூற்றும் அங்கே உள்ளது.

நடுவிலுள்ள ஓட்டக் காட்சியே இச்சின்னத்தின் உயிர்நிலை. சிற்பி ஒரு துணிவான செயலைச் செய்திருக்கிறார். உருவங்கள் பின்னணித் தளத்தில் தட்டையாகத் தொடங்கி, படிப்படியாகத் திரண்டு, முன்னணியில் முழு உருவம் பெற்றுச் சட்டத்தை விட்டே வெளியே பாய்கின்றன. ஓவியர் பெரும்பாலோர் விமானிகளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, ஓட்டத்தின் முடிவில் ஓர் அழகிய ஸ்பிட்பயரையோ ஹரிக்கேனையோ நிறுத்துவர். பார்ப்பவனின் கண் மனிதரிடமிருந்து இயந்திரத்திற்கு நகர்ந்து அங்கேயே தங்கிவிடும். பல ஓவியங்களில் உண்மையான தலைவன் விமானமே. மனிதர் அதற்குக் கட்டியங்கூறுவோர் மட்டுமே. பால் டேயின் விமானிகளோ நம்மை நோக்கி ஓடிவருகின்றனர். அவர்கள் தேடும் விமானம் நாம் நிற்கும் இடத்திலேயே நிற்கவேண்டும். ஆற்றங்கரை நடைபாதையில் செல்பவன் இதனால் வேடிக்கை பார்ப்பவனாக நின்றுவிட முடிவதில்லை. இவ்விளைஞர் எதன்மீது ஏறிச் செல்லப் போகிறார்களோ அதன் இடத்தில் அவன் நிறுத்தப்படுகிறான். குடிமக்கள் அவர்களை அனுப்பினர் என்னும் உண்மையை இதைவிடக் குறிப்பாகச் சிற்பத்தில் சொல்லல் அரிது.

மற்றொரு சிறப்பும் உண்டு. அவர்களது முகங்களில் புனிதரின் அமைதி ஏற்றப்படவில்லை, அவசரமே காணப்படுகிறது. ஓட்டக் காட்சியைச் சூழ்ந்த மற்றப் பகுதிகளில் தொழிற்சாலையில் உழைக்கும் பெண்கள், விமானத்தைப் பழுதுபார்க்கும் பணியாளர், வானத்தை நோக்கும் கண்காணிப்பாளர், பீரங்கிப் படையினர், குண்டுவீச்சுக்கிடையே நிற்கும் தூய பவுல் பேராலயம் ஆகியவை இடம்பெறுகின்றன. சிலரது ஓட்டத்தைப் பலரது உழைப்பிற்கு நடுவில் வைத்துக்காட்டியது சிற்பியின் நேர்மை. தனியாகச் சட்டமிட்டு விற்கப்படும் ஓவியங்களுக்கு இந்நேர்மை வாய்ப்பதில்லை.

படம் மறைப்பவை

எந்த ஓவியமும் ஒரு கணத்தைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிடுகிறது. அது குறையன்று. ஆனால் ஒரே கணத்தை ஒரு மக்களினம் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்குமாயின், விடப்பட்டவை எவை எனக் கேட்பது திறனாய்வின் கடமை.

முதலாவது, ஓட்டத்திற்கு முந்திய காத்திருத்தல் விடப்பட்டது. அதில் கலந்து உயிர்தப்பிய விமானிகள் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது ஓட்டத்தையன்று. தொலைபேசி எப்போது ஒலிக்குமோ என்று நாற்காலியில் கிடந்த மணிநேரங்களையே. அது ஒலித்தவுடன் வயிறு கலங்கி வாந்தியெடுத்தவர் உண்டு. சில வேளைகளில் தேநீர் வருகிறது என்பது போன்ற சிறு செய்திக்காகவே அது ஒலித்திருக்கும். ஆயினும் உடல் நடுங்கியது நடுங்கியதே. ஓவியத்தின் சாய்வு நாற்காலி கோடைக்கால ஓய்வின் அடையாளமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது அச்சத்தின் இருக்கை.

இரண்டாவது, ஓடாதவர் விடப்பட்டனர். 1940 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பிகின் ஹில் விமானத் தளம் கடுமையாகத் தாக்கப்பட்டபோது, ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹெண்டர்சன் என்னும் இரு பெண்கள் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நிலையிலும் தங்கள் தொலைபேசிகளை விட்டு அகலவில்லை. அவர்களுக்கும் அதே தளத்தில் பணியாற்றிய ஜோன் மார்ட்டிமர் என்பவருக்கும் இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர்களுடைய வீரம் இருந்த இடத்தில் இருத்தலில் விளங்கியது. ஓவியர் அதனை வரைய விரும்பவில்லை. இருத்தலை வரைவது ஓட்டத்தை வரைவதினும் கடினம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலுள்ள நினைவேட்டில் அப்போரில் மாண்ட 1,497 விமானப்படையினரின் பெயர்கள் உள்ளன. சண்டை விமானங்களில் பறந்து இறந்தவர் ஏறத்தாழ 544 பேர் என்பர். எஞ்சியவருள் மிகப் பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களிலும் கடலோரக் காவல் விமானங்களிலும் சென்று திரும்பாதவர்கள். அவர்கள் பெரும்பாலும் இருளில் அமைதியாக ஏறிச் சென்றனர். ஆகவே ஓவியத்தில் இடம்பெறவில்லை.

மூன்றாவது, ஓட்டத்தின் முடிவு விடப்பட்டது. ரிச்சர்டு ஹில்லரி என்னும் இளைஞர் 1940 செப்டம்பர் 3ஆம் நாள் இவ்வாறே ஏறிச் சென்றார். அவரது ஸ்பிட்பயர் தீப்பற்றியது. கடலில் விழுந்து மீட்கப்பட்ட அவருடைய முகமும் கைகளும் வெந்திருந்தன. ஈஸ்டு கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ அவருக்குப் புது இமைகளும் உதடுகளும் அமைத்தார். 1942இல் தம் அனுபவத்தை நூலாக எழுதிய ஹில்லரி, 1 கொரிந்தியர் 15:26இல் மரணத்தைக் குறித்துப் பவுலடியார் கூறும் 'கடைசிச் சத்துரு' என்னும் தொடரையே அதற்குத் தலைப்பாக வைத்தார். மீண்டும் பறக்க அனுமதி பெற்று, 1943 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். மறுபக்கத்தில் அதே வான்போரில் மாண்ட ஜெர்மானிய விமானப்படையினர் 2,500 பேருக்கு மேற்பட்டவர். அவர்களும் ஏதோ ஒரு பிரெஞ்சுப் புல்வெளியில் தங்கள் விமானங்களில் ஏறியவர்களே. அவர்களுள்ளும் இருபதை ஒட்டிய வயதினர் பலர்.

அக்காலத்திலேயே வேறு வழியில் சென்ற ஓவியர் ஒருவர் இருந்தார். பால் நாஷ் 1941இல் வரைந்த 'பிரிட்டன் போர்' இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒரு மனித முகமும் இல்லை. மிக உயரத்திலிருந்து நோக்கும் பார்வையில் வளைந்து கடலில் கலக்கும் ஆறு. நீல வானில் விமானங்கள் விட்டுச்சென்ற வெண்புகைச் சுருள்கள். எரிந்து வீழும் ஒன்றின் கரும்புகை. சாவு அங்கே ஒரு கோடாக மட்டும் தெரிகிறது. நாஷ் முகங்களை விட்டுவிட்டு நிகழ்ச்சியைத் தந்தார்; ஓட்டத்தை வரைந்தோர் நிகழ்ச்சியை விட்டுவிட்டு முகங்களைத் தந்தனர். இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றிப் போர் என்பது என்னவென்று நமக்குத் தெரியாது. ஓடும் முகத்தையும் எரியும் புகையையும் ஒரே மனிதனுடையவை என்று ஒரே திரையில் இணைத்துக்காட்டும் ஆற்றல் இவ்வகை ஓவியங்களில் நாம் காணாதது.

ஆலயச் சாளரம்

இனி ஆலயத்திற்குள் செல்வோம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கிழக்கு எல்லையில், ஏழாம் ஹென்றி மன்னன் கட்டிய அழகிய சிற்றாலயத்தின் கோடியில், விமானப்படைக்கென ஒதுக்கப்பட்ட ஜெபவிடம் ஒன்று உண்டு. அங்குள்ள பெரிய சாளரத்தை ஹியூ ஈஸ்டன் வடிவமைத்தார். 1947 ஜூலை 10ஆம் நாள், ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் அது அர்ப்பணிக்கப்பட்டது. போரில் கலந்த 63 விமானப் பிரிவுகளின் சின்னங்கள் அதில் ஒளிர்கின்றன. அவற்றுடன் நான்கு காட்சிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் சீருடை அணிந்த ஒரு விமானி முழங்காற்படியிட்டு ஒரு தரிசனத்தைக் காண்கிறான். மரியாளின் மடியில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் உடல், அவள் கையில் ஏந்திய குழந்தை இயேசு, சிலுவையில் தொங்கும் ஆண்டவர், உயிர்த்தெழுந்த ஆண்டவர். மகனை இழந்த தாய்மாரின் துயரத்தையும் இத்தரிசனங்கள் உட்படுத்துகின்றன. சாளரத்தின் அடியில் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் போருக்கு முன் மன்னன் தன் சிறுபடைக்குக் கூறும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. 1947இல் அங்கே கூடியிருந்த பெற்றோர் தம் மக்களைப் பறிகொடுத்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுடைய துயரத்தைத் திருச்சபை சிலுவையின் அடியில் கொண்டுவந்து வைக்க விரும்பியது. துயரத்தை வைப்பதற்கு அதைவிட வேறு இடம் இல்லை. கலைஞரும் ஓர் எல்லையைக் காத்திருக்கிறார். விமானி சிலுவையில் இல்லை; அதன் முன் முழங்காற்படியிட்டிருக்கிறான். வீரனே மீட்பனாகிவிடவில்லை.

ஆயினும் இச்சாளரம் நம்மிடம் மூன்று கேள்விகளை எழுப்புகிறது. சிலுவையின் அடியில் முழங்காற்படியிடுவோர் அனைவரும் ஒரே நாட்டின் சீருடையை அணிந்திருப்பது ஏன்? கிறிஸ்துவின் பலியையும் வீரனின் சாவையும் ஒரே கண்ணாடியில் ஒரே ஒளி ஊடுருவும்போது, இரண்டும் ஒரே தன்மையன என்று வழிபடுவோன் எண்ணாதிருக்க எது துணைசெய்யும்? ஆண்டவரின் தரிசனத்தின் அடியில் ஓர் அரசனின் போர்ப்பேச்சு ஏன் இடம்பெற்றது?

வீரன் பிறருக்காக உயிர்விடுகிறான் என்பது உண்மை, அதனை மதிப்போம். ஆனால் அவன் பிறரைக் கொல்லும் முயற்சியின் நடுவில் உயிர்விடுகிறான் என்பதும் உண்மை. நாம் பகைவராயிருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்து நம்மைத் தேவனோடு ஒப்புரவாக்கினார் என்பது ரோமர் 5ஆம் அதிகாரத்தின் சாரம். இவ்வேறுபாட்டை மழுங்கச் செய்யும் எக்கலையும் எத்துணை அழகுடையதாயினும் நற்செய்தியை மழுங்கச் செய்கிறது. தேம்ஸ் கரையின் வெண்கலம் இத்தவற்றைச் செய்யவில்லை. அது இளைஞரை இளைஞராகவே விட்டுவைத்தது. தெருவில் நிற்கும் சிற்பம் ஆலயத்தில் ஒளிரும் சாளரத்தைவிட இவ்வொன்றில் அதிக உண்மையுடையதாகிறது என்பதே நம் முடிவு.

அக்காலத் திருச்சபைக்கு வேறு வழியே தெரியாதிருந்தது என்றும் கூறுவதற்கில்லை. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவில் கவென்ட்ரி பேராலயம் குண்டுகளால் எரிந்து அழிந்தது. அதன் தலைமைக் குருவாயிருந்த ரிச்சர்டு ஹோவர்டு, போருக்குப்பின் இடிந்த பலிபீடத்தின் பின்சுவரில் பிதாவிடம் மன்னிப்பு வேண்டும் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். யாரை மன்னிப்பது என்று அங்கே எழுதப்படவில்லை. குண்டு வீசியவரும் குண்டுக்கு இரையானவரும் அவ்விரு சொற்களின் கீழ் ஒருங்கே நிற்கின்றனர். அழிக்கப்பட்ட ஆலயம் அழித்தவனுக்கும் இடம் வைத்தது. காப்பாற்றப்பட்ட ஆலயத்தின் சாளரத்தில் அவ்விடம் இல்லை.

மற்றோர் ஓட்டம்

ஓட்டத்தை வரைவதே தவறு என்று நாம் கூறவில்லை. திருமறையில் ஓட்டம் பல இடங்களில் வருகிறது. இளைய குமாரனைத் தூரத்தில் கண்ட தகப்பன் ஓடுகிறான். உயிர்த்தெழுந்த நாளின் காலையில் பேதுருவும் மற்றச் சீடனும் கல்லறைக்கு ஓடுகின்றனர். இவ்விரண்டாம் ஓட்டத்தைச் சுவிஸ் நாட்டு ஓவியர் யூஜின் பர்னாண்டு 1898இல் வரைந்தார். பாரிஸ் நகரத்து ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியத்தைப் போர் ஓவியங்களுக்கு அருகில் வைத்து நோக்குதல் பயன்தரும்.

அதில் இருவரே உள்ளனர். இளையவர் வெண்ணுடையில் கைகளைக் கோத்துக்கொண்டு விரைகிறார். மூத்தவரான பேதுரு ஒரு கையை மார்பில் வைத்திருக்கிறார். விடியற்காலை ஒளி அவர்களுடைய முகங்களில் படுகிறது. பின்னணியில் வெறுமையான நிலமும் வானமும் மட்டுமே. அவர்கள் ஓடிச்செல்லும் கல்லறை ஓவியத்தில் இல்லை. ஓட்டத்தின் இலக்கைக் காட்டாமல் விடுவதில் பர்னாண்டும் போர் ஓவியரும் ஒத்திருக்கின்றனர். வேறுபாடு முகங்களில் உள்ளது. பேதுருவின் முகத்தில் அச்சமும் ஆசையும் மட்டுமன்றி, மறுதலித்தவனின் வெட்கமும் இருக்கிறது. தான் காட்டிக் கைவிட்டவரை எதிர்கொள்ள ஓடுகிறவனின் முகம் அது. கல்லறையில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே ஓடுகிறான்.

போர் ஓவியத்து விமானியின் முகத்தில் இவ்வகைக் கேள்வி எதுவும் எழுதப்படுவதில்லை. உண்மையான விமானிகளின் உள்ளத்தில் கேள்விகள் இருந்தன என்பதற்கு ஹில்லரியின் நூலே சான்று. ஓவியர் அவற்றை நீக்கினர். நீக்கியதால் காலியான இடத்தைப் பார்ப்பவன் தன் நாட்டுப் பெருமிதத்தால் நிரப்பிக்கொள்கிறான். பர்னாண்டின் ஓவியத்திலோ பேதுருவின் கேள்வியையே பார்ப்பவனும் ஏற்கவேண்டியிருக்கிறது. இலக்கைக் காட்டாத இரண்டு ஓவியங்களுள் ஒன்று நம்மைப் புகழ்கிறது. மற்றொன்று நம்மை விசாரிக்கிறது. ஓட்டத்தை வரையும் கலையை மதிப்பிட இது ஓர் அளவுகோலாகலாம்.

பிரசங்க மேடைக்கு

இத்திறனாய்வினால் நமக்கு வரும் பயன் யாது? விழித்திருத்தலையும் ஆயத்தத்தையும் பற்றிப் பிரசங்கிக்கும்போது போர்க்களத்து உவமைகள் நம் நாவில் எளிதாக வருகின்றன. எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் சர்வாயுத வர்க்கம் நமக்குத் துணைநிற்கிறது. மணியோசை கேட்டவுடன் எழுந்தோடிய விமானி நல்லதொரு உவமையே. ஆனால் உவமையைக் கடன் வாங்கும் போதகர், அதில் விடப்பட்டவற்றையும் எண்ணிப் பார்க்கக் கடன்பட்டவர். அதே அதிகாரத்தில் பவுலடியார் நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று என்று வரையறுத்திருப்பதை உவமையின் வேகத்தில் மறந்துவிடலாகாது. கீழ்ப்படிதலின் விரைவை மட்டும் புகழ்ந்து, எதற்குக் கீழ்ப்படிகிறோம் என்பதை விட்டுவிட்டால், எந்நாட்டு எக்கொடிக்கும் அப்பிரசங்கம் பொருந்தும். 1940இல் கால்வாயின் இருகரையிலும் அவ்வாறான பிரசங்கங்கள் நிகழ்ந்தன என்பதைத் திருச்சபை வரலாறு கற்போர் அறிவர்.

சபையில் ஓடுகிறவர்களை நாம் எளிதில் காண்கிறோம். நிகழ்ச்சிகளை நடத்துவோரையும் மேடை ஏறுவோரையும் புகழ்கிறோம். தொலைபேசியின் அருகில் அசையாதிருந்த பெண்களைப்போல், நோயாளியின் படுக்கையருகில் ஆண்டுக்கணக்காக இருப்போர் நம் அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. காத்திருத்தலின் அச்சத்தைக் குறித்தும் நாம் அரிதாகவே பேசுகிறோம். ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஓடுதலுக்கு முன் காத்திருத்தல் வைக்கப்பட்டுள்ளதை ஓவியர் கவனியாது போகலாம். போதகர் கவனியாது போகலாகாது.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் அதே ஜெபவிடத்தில் கலைஞர் எவரும் படைக்காத ஒன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1940இல் அருகில் வீழ்ந்த குண்டினால் கற்சுவரில் ஏற்பட்ட சிறு துளை அது. அதனை அடைத்துவிடாமல் கண்ணாடியிட்டு வைத்திருக்கின்றனர். அதில் சின்னமும் இல்லை; சீருடையும் இல்லை; வீரனும் இல்லை. ஒருவன் எங்கோ ஏறிப் பறந்து வந்தான், இங்கே ஒரு சுவர் உடைந்தது என்று மட்டும் அது சொல்கிறது. சாளரத்தைக் காணச் செல்வோர் அத்துளையின் முன்னும் சற்று நேரம் நின்று, அதன் இருபுறத்திலும் இருந்தோருக்காக ஜெபிப்பது நன்று.